கிறிஸ்தவ நம்பிக்கை என்றால் என்ன? அது பிறரை நேசிக்கும் விதத்தை எப்படி மாற்றுகிறது?

கிறிஸ்தவ நம்பிக்கை என்று சொன்னவுடன் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது மரணத்துக்குப் பின் கிடைக்கும் பரலோகம்தான். அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், நோயில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்கிறவருக்கும், மனம் கசந்துபோன உறவினரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவருக்கும், பலன் கண்ணில் படாத வேலையை நாள்தோறும் செய்கிறவருக்கும் அந்த நம்பிக்கையால் இன்று என்ன பயன் என்ற கேள்வி விடையில்லாமல் நிற்கும். சபைகளில் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்குக்கூட, நம்பிக்கையும் அன்பும் தனித்தனிப் பாடங்களாகவே கற்பிக்கப்பட்டிருக்கும். ஒன்று வருங்காலத்தைப் பற்றியது, மற்றொன்று பக்கத்தில் இருப்பவரைப் பற்றியது. புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் இவ்விரண்டையும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், முதல் அதிகாரத்தில், அந்தச் சபையார் எல்லாப் பரிசுத்தவான்கள்மேலும் வைத்திருக்கும் அன்பைப் பற்றிக் கேள்விப்பட்டதற்காக அப்போஸ்தலர் பவுல் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். சொன்ன கையோடு, பரலோகத்தில் அவர்களுக்காக வைக்கப்பட்டிருக்கும் நம்பிக்கையையும் குறிப்பிடுகிறார். அந்த நம்பிக்கையே அந்த அன்புக்குக் காரணம் என்றுதான் விளக்கவுரையாளர்கள் பலர் இவ்வசனங்களை வாசிக்கிறார்கள். வருங்காலத்தைப் பற்றிய உறுதி எப்படிப் பிறர்மேல் வைக்கும் அன்புக்குக் காரணமாக முடியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் வேலை.

நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று இயல்பாகவே எதிர்பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். எதைப் பார்த்தாலும் கெடுதலையே முன்கூட்டி நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இது பெரும்பாலும் அவரவர் சுபாவத்தையும் வளர்ந்த சூழலையும் பொறுத்தது. கிறிஸ்தவம் பேசும் நம்பிக்கை இந்தச் சுபாவத்தைக் குறிப்பதன்று. உற்சாகமான மனிதரிடம் அது இல்லாமலும் போகலாம், எளிதில் சோர்ந்துபோகும் மனிதரிடம் அது ஆழமாகவும் இருக்கலாம். ஏனெனில் அது மனநிலையின்மேல் நிற்பதில்லை, நடந்து முடிந்த ஒரு நிகழ்வின்மேல் நிற்கிறது.

அந்த நிகழ்வு இயேசுவின் உயிர்த்தெழுதல். யூதேயாவில் பொந்தியு பிலாத்து ரோம ஆளுநராக இருந்த காலத்தில் சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைக் கடவுள் மூன்றாம் நாளில் உயிரோடு எழுப்பினார் என்பதே திருச்சபையின் முதல் அறிக்கை. இதை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதைப் பவுலே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்: கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் நம் பிரசங்கமும் வீண், விசுவாசமும் வீண், அப்படியானால் புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம் என்று இருந்துவிடலாம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரம் முழுவதும் இந்த வாதத்தையே நடத்துகிறது. அங்கே கிறிஸ்துவை அவர் ‘முதற்பலன்’ என்று அழைக்கிறார். இஸ்ரவேலர் அறுவடையின் முதல் கதிர்க்கட்டை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அது வந்துவிட்டால் மீதி விளைச்சலும் வரப்போகிறது என்று பொருள். இயேசுவுக்கு நடந்தது அவரோடு முடிந்துவிடும் அற்புதமாக இல்லாமல், மற்றவர்களுக்கும் நடக்கப்போவதன் தொடக்கமாக இருக்கிறது.

எதை நம்புகிறோம் என்பதிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஆத்துமா உடலைக் கழற்றி எறிந்துவிட்டு எங்கோ மேலே பறந்துபோவதோடு கதை முடிகிறது என்ற எண்ணம் பலரிடம் ஊறியிருக்கிறது. கி.பி. 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கத்தோடு இணைக்கப்படும் விசுவாசப் பிரமாணம், மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் வரப்போகும் உலகத்தின் வாழ்வையும் எதிர்நோக்குவதாகச் சொல்லி முடிகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தில் மனிதர்கள் மேலே போவதாக எழுதப்படவில்லை; புதிய எருசலேம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது, கடவுள் மனிதரிடத்தில் வந்து வாசம்பண்ணுகிறார், அவர்களுடைய கண்ணீர் யாவையும் துடைக்கிறார். ரோமர் 8ஆம் அதிகாரத்தில் படைப்பு முழுவதுமே பிரசவ வேதனைப்படுவதுபோலத் தவித்து விடுதலைக்காகக் காத்திருக்கிறது. ஆகவே கிறிஸ்தவர்கள் எதிர்நோக்குவது இந்த உலகத்திலிருந்து தப்பிப்பதை அல்ல, இந்த உலகம் சீர்ப்படுத்தப்படுவதை. இந்த ஒரு திருத்தம் அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமா அக்குவினா நம்பிக்கையின் இலக்கை நான்கு அடையாளங்களால் விளக்கினார்: அது நல்லதாக இருக்க வேண்டும், இனிமேல் வரவேண்டியதாக இருக்க வேண்டும், அடைவதற்குக் கடினமானதாக இருக்க வேண்டும், ஆனாலும் அடையக்கூடியதாக இருக்க வேண்டும். இவற்றில் கடைசி இரண்டில்தான் மனிதர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். அடையவே முடியாது என்று கைவிடுவது அவநம்பிக்கை. கடினம் எதுவுமில்லை, ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்று நடந்துகொள்வது துணிகரம். இரண்டுமே நம்பிக்கைக்கு விரோதமான பாவங்கள் என்றார் அவர். முதலாவதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்கு இரண்டாவதைப் பற்றி நம் பிரசங்கங்கள் எச்சரிப்பதில்லை என்பது என் எண்ணம். வியாதி, வறுமை, இழப்பு எதுவுமே உண்மையான விசுவாசியைத் தொடாது என்று வாக்களிக்கும் போதனை நம்பிக்கையின் மிகுதிபோலத் தோன்றினாலும், காத்திருக்கத் தேவையில்லை என்று சொல்வதால் அது நம்பிக்கையை ஒழித்தே விடுகிறது.

அன்பைத் தடுப்பது பயம்

ஒருவரை நேசிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஏன் பின்வாங்குகிறோம் என்று நிதானமாக யோசித்தால், பெரும்பாலான நேரங்களில் அடியில் இருப்பது ஏதோ ஒரு பயம்தான். நேரம் கொடுத்தால் என் வேலை கெடும்; பணம் கொடுத்தால் எனக்கு இல்லாமல் போகும்; நான் முதலில் மன்னிப்புக் கேட்டால் தாழ்ந்துபோவேன்; உதவி செய்தாலும் அவர் நன்றி மறப்பார். எனக்கென்று ஒன்று மிஞ்ச வேண்டுமானால் நானே அதைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு, அன்பின் வழியில் ஒவ்வோர் அடியிலும் குறுக்கே வந்து நிற்கிறது. என் முடிவு என் கையில் இல்லை, என்னைவிட நம்பகமான ஒருவர் கையில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தவருக்கு இந்தக் கணக்கின் பிடி தளர்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கை அன்பைப் பிறப்பிக்கும் வழி இதுவே.

யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரம் இதை இயேசுவின் வாழ்க்கையிலேயே காட்டுகிறது. சீஷர்களின் கால்களை அவர் கழுவிய நிகழ்ச்சியைப் பலரும் அறிவார்கள். ஆனால் அதற்கு முந்தைய வாக்கியத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதையும், தாம் கடவுளிடத்திலிருந்து வந்ததையும், கடவுளிடத்திற்குப் போகிறதையும் அறிந்து, இயேசு பந்தியிலிருந்து எழுந்து, துணியை இடுப்பில் கட்டிக்கொண்டார் என்று யோவான் எழுதுகிறார். எங்கே போகிறோம் என்ற அறிவு அவரைத் தரையை நோக்கிக் குனியவைக்கிறது. மறுநாள் சிலுவை காத்திருக்கிறது, தம்மைக் காட்டிக்கொடுக்கப்போகிறவன் அதே அறையில் இருக்கிறான். அப்படியிருந்தும் அந்த வேலையைச் செய்வதால் தம் மதிப்பு குறைந்துவிடுமோ என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் ஒரு விருந்தின்போது அவர் சொன்ன ஆலோசனையும் இதே அடித்தளத்தில் நிற்கிறது. விருந்து வைத்தால் சிநேகிதரையும் உறவினரையும் பணக்கார அயலாரையும் அழைக்காதே, அவர்கள் உன்னைத் திரும்ப அழைத்துவிடுவார்கள். ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழை. அவர்களால் உனக்குத் திருப்பிச் செய்ய முடியாது, நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் உனக்குப் பதில் செய்யப்படும் என்றார். அன்றைய சமுதாயத்தில் விருந்தோம்பல் என்பது பெரும்பாலும் கொடுக்கல் வாங்கலாகவே இருந்தது. இன்றும் அதில் பெரிய மாற்றம் இல்லை. திருப்பிச் செய்ய வழியில்லாதவரைத் தேடிப்போய் அழைக்கும் சுதந்திரத்தை இயேசு உயிர்த்தெழுதலோடு கட்டுகிறார். உயிர்த்தெழுதல் என்ற சொல்லை இந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டால், ஆலோசனை அழகாக இருக்கும், ஆனால் நடைமுறைக்கு உதவாததாகிவிடும்.

அப்படியானால் இதுவும் ஒரு வியாபாரம்தானே, இங்கே கிடைக்காத வட்டியை அங்கே வாங்கிக்கொள்வதுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியில் இதற்குப் பதில் இருப்பதாக நினைக்கிறேன். பசியாயிருந்தவருக்கு உணவும், அந்நியருக்கு இடமும், வஸ்திரமில்லாதவருக்கு உடையும் கொடுத்தவர்கள், நீங்கள் எனக்கே இவற்றைச் செய்தீர்கள் என்று ராஜா சொல்லும்போது திகைத்துப்போகிறார்கள். எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம் என்று அவரையே கேட்கிறார்கள். அவர்களிடம் கணக்குப் புத்தகம் இல்லை. பலனை உத்தேசித்துச் செய்தவர்களாக இருந்தால் நாளும் தொகையும் சொல்லியிருப்பார்கள். தவிர, கிறிஸ்தவர்கள் எதிர்நோக்கும் பலன் அன்புக்குப் புறம்பான வேறொரு பொருளும் அல்ல. அன்பே வடிவான கடவுளோடும், அவரால் சீர்ப்படுத்தப்பட்ட மனிதர்களோடும் வாழ்வதுதான் அந்தப் பலன். அன்பை வெறுக்கிறவருக்கு அப்படியொரு பரலோகம் பரிசாகவே தோன்றாது.

பவுல் இந்தத் தொடர்பை எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு இன்னொரு சான்று, வேதப்புத்தகத்தின் அதிகாரப் பிரிவினால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் உயிர்த்தெழுதலைப் பற்றிய அந்த நீண்ட 15ஆம் அதிகாரம், மரணமே உன் கூர் எங்கே என்ற முழக்கத்துக்குப் பிறகு, “கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று அறிந்து” உழைக்கும்படி சொல்லி முடிகிறது. அடுத்த வரியில், அதாவது 16ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், எருசலேமில் இருக்கும் விசுவாசிகளுக்காகக் காணிக்கை சேர்க்கும் விஷயத்துக்கு வந்துவிடுகிறார்: வாரத்தின் முதல்நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்குத் தக்கதாக எடுத்துச் சேர்த்துவையுங்கள் என்கிறார். எக்காளம் முழங்கும் கடைசி நாளிலிருந்து காணிக்கைப் பணத்துக்கு வருவதை அவர் ஒரு சறுக்கலாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. பவுல் எழுதியபோது அதிகார எண்கள் எவையும் இருக்கவில்லை என்பதை நினைத்தால், கேட்டவர்களும் இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்டிருப்பார்கள்.

முற்றுகையிடப்பட்ட ஊரில் நிலம் வாங்கியவர்

நம்பிக்கை சாதாரண வேலைகளை எப்படித் தொடுகிறது என்பதற்கு வேதத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த எரேமியா தீர்க்கதரிசி, அப்படிச் சொன்னதற்காகவே காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய உறவினன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எதிரியின் பிடியில் இருக்கும் பகுதியில் நிலம் வாங்குவதைவிட மோசமான முதலீடு இருக்க முடியாது. எரேமியா வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரம் எழுதி, நெடுநாள் இருக்கும்படி அதை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தம் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைக்கிறார். இந்த தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கடவுள் சொன்னதே காரணம். நகரம் விழாது என்று அவர் நம்பவில்லை. அது விழத்தான் செய்தது. ஆனால் வீழ்ச்சி கடைசி வார்த்தை ஆகாது என்று நம்பினார். அந்த நம்பிக்கையைப் பிரசங்கமாக மட்டும் விட்டுவைக்காமல், எடையும் முத்திரையும் கொண்ட ஒரு பத்திரமாக ஆக்கினார்.

ஏற்கெனவே பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் எழுதிய கடிதமும் இதே தொனியில்தான் இருக்கிறது. நல்வாழ்வுக்கும் நம்பிக்கைக்கும் உரிய திட்டம் கடவுளிடம் இருக்கிறது என்று சொல்லும் 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் வாழ்த்து அட்டைகளில் இடம்பெறுகிறது. அதற்கு முந்தைய வசனத்தில் உள்ள எழுபது ஆண்டுகள் என்ற கால அளவு இடம்பெறுவதில்லை. அக்கடிதத்தைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பெரும்பாலோர் திரும்பிவரும் நாளைக் காணமாட்டார்கள். அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் எரேமியா. பகைவர் ஊரின் நலத்தைத் தேடுவது நாடுகடத்தப்பட்டவரின் நம்பிக்கைக்குள் அடங்கியிருக்கிறது.

வருங்காலத்தைக் காரணம் காட்டி இன்றைய கடமையை விட்டுவிடும் சோதனையும் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது. கர்த்தருடைய வருகையைப் பற்றிய பரபரப்பு நிலவிய தெசலோனிக்கே சபையில் சிலர் வேலை செய்யாமல் அலைந்துகொண்டிருந்தார்கள். வருகையைப் பற்றி விரிவாக எழுதிய அதே நிருபங்களில்தான், அமைதியாயிருந்து சொந்தக் கைகளால் வேலை செய்யுங்கள் என்றும், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை வேலை கிடைக்காத ஏழைக்கு எதிராகப் பயன்படுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அது வசனத்தைப் புரட்டுவதாகும், ஏனெனில் பவுல் கண்டித்தது வேலை இருந்தும் பிறர் உழைப்பில் வாழ்ந்தவர்களை.

கொள்ளைநோய்க் காலத்தில்

இந்தப் போதனை வெறும் ஏட்டளவில் இருந்ததா என்ற கேள்விக்கு மூன்றாம் நூற்றாண்டு ஓரளவு விடை தருகிறது. கி.பி. 250களில் ரோமப் பேரரசில் ஒரு கொடிய கொள்ளைநோய் பரவியது. அதைப் பற்றி எழுதிவைத்த கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியானின் பெயராலேயே வரலாற்றாளர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். அதற்குச் சற்றுமுன்தான் பேரரசன் தேசியுவின் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். அப்படியிருந்தும், தம் மக்களை மட்டும் கவனிப்பதில் சிறப்பு ஒன்றுமில்லை, பகைவருக்கும் உதவ வேண்டும் என்று சிப்பிரியான் வற்புறுத்தியதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பொந்தியு பதிவுசெய்திருக்கிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு எழுதிய கடிதம் ஒன்று, கிறிஸ்தவர்கள் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் நோயாளிகளைக் கவனித்ததையும், அப்படிக் கவனித்தவர்களில் பலர் அதே நோயால் இறந்ததையும் சொல்கிறது. அவர் தம் மக்களைப் புகழ்ந்து எழுதுகிறார் என்பதால் அதைச் சற்றுக் கழித்தே வாசிக்க வேண்டும். ஆனால் ஒரு நூற்றாண்டுக்குப் பின், கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசன் யூலியன், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் ஆதரிக்கிறார்களே என்று தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் குறைபட்டுக்கொண்டான். எதிரியின் சாட்சியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

மரணம் முடிவல்ல என்று நம்பியதால் அவர்கள் உயிரை அற்பமாக எண்ணினார்களா? அப்படியானால் நோயாளிகளைக் காப்பாற்ற மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். தம் உயிரைப் பற்றிய பயம் தணிந்ததால், பிறர் உயிரைப் பற்றிய அக்கறைக்கு இடம் கிடைத்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

துக்கத்திலும் மனவருத்தத்திலும்

நம்பிக்கையுள்ளவர் அழக்கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வேதத்திலிருந்து வரவில்லை. லாசருவைச் சில நிமிடங்களில் உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்த இயேசு, அவனுடைய சகோதரியின் அழுகையைக் கண்டு கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதிருங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது துக்கத்தைத் தடைசெய்யவில்லை, துக்கத்தின் தன்மையைப் பிரித்துக்காட்டுகிறது. பிரிந்தவர் என்றென்றைக்குமாகத் தொலைந்துபோனார் என்ற துக்கம் ஒன்று, மீண்டும் காண்போம் என்று தெரிந்தும் இப்போது இல்லையே என்ற துக்கம் இன்னொன்று. துக்கவீட்டுக்குப் போகிறவர், எல்லாம் கடவுளின் சித்தம், அழாதீர்கள் என்று வசனத்தை நீட்டுவதைவிட, அழுகிறவர்களோடு அழுங்கள் என்ற ரோமர் 12ஆம் அதிகாரத்தின் ஆலோசனையைப் பின்பற்றிப் பேசாமல் உட்கார்ந்திருப்பது நம்பிக்கைக்கு அதிகப் பொருத்தமானது. அவசரமாக ஆறுதல் சொல்கிறவர் பல வேளைகளில் தம் சொந்தச் சங்கடத்தைத்தான் தீர்த்துக்கொள்கிறார்.

பிறர் நமக்குச் செய்த அநியாயத்தின் விஷயத்திலும் நம்பிக்கை வேலை செய்கிறது. பழிவாங்காதிருங்கள், பழிவாங்குதல் கர்த்தருக்கு உரியது என்று அதே அதிகாரம் சொல்கிறது. நியாயம் ஒருநாள் நிச்சயமாகச் செய்யப்படும் என்று நம்புகிறவர், அதைத் தம் கையாலேயே உடனடியாகச் செய்து முடிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடுகிறார். இதன் தொடர்ச்சியாகவே “உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு” என்ற கட்டளையும் வருகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழிவாங்காதிருப்பது வேறு, கொடுமைக்கு உடன்பட்டிருப்பது வேறு. அடிக்கிறவரின் வீட்டைவிட்டு வெளியேறுவதோ சட்டத்தின் உதவியை நாடுவதோ நம்பிக்கைக் குறைவு ஆகாது. ரோமர் 13ஆம் அதிகாரம் தீமையைத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசுக்கு உரியதாகச் சொல்கிறது. பவுலும் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லிப் பாதுகாப்புக் கேட்டிருக்கிறார்.

மனிதர்களைப் பற்றிய நம்பிக்கையும் இருக்கிறது. அன்பு “சகலத்தையும் நம்பும்” என்று பவுல் எழுதிய வரியின் அருமை, பலமுறை ஏமாற்றிய பிள்ளையையோ, குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு மீண்டும் விழும் நண்பரையோ கொண்டவருக்குத்தான் தெரியும். அவர் மாறிவிட்டார் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதை அது குறிக்கவில்லை. இவர் இனி இவ்வளவுதான் என்று ஒருவரைப் பற்றிய கடைசித் தீர்ப்பை எழுதிவிட நமக்கு உரிமை இல்லை என்பதைக் குறிக்கிறது. சபையைத் துன்புறுத்திய சவுல் பவுல் ஆனான் என்ற கதையை அடித்தளமாகக் கொண்ட ஒரு சமயம், எந்த மனிதரையும் முடிந்துபோன கணக்காகப் பார்க்க முடியாது.

மக்களை மயக்கும் அபினா?

சமயத்தை மக்களின் அபின் என்று கார்ல் மார்க்ஸ் 1844இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் எழுதினார். மேலுலக வாக்குறுதி கீழுலக அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது என்ற இந்தக் குற்றச்சாட்டைக் கிறிஸ்தவர்கள் மனவருத்தத்தோடாவது கேட்டாக வேண்டும், ஏனெனில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. அடிமைகளை வைத்திருந்தவர்கள், இங்கே கீழ்ப்படிந்திருங்கள், அங்கே பலன் கிடைக்கும் என்று பிரசங்கிக்கச் செய்தார்கள்.

ஆனால் அந்த வரலாற்றிலேயே கவனிக்கவேண்டிய ஒரு விவரம் உண்டு. பிரிட்டனின் ஆளுகையிலிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக 1807இல் லண்டனில் ஒரு வேதாகமச் சுருக்கம் அச்சிடப்பட்டது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான வரலாறு அதில் இல்லை. புதிய வானத்தையும் புதிய பூமியையும் பேசும் வெளிப்படுத்தின விசேஷமும் இல்லை. மக்களை அடக்கிவைக்க விரும்பியவர்கள், வேதாகமத்தின் நம்பிக்கையை அப்படியே கொடுப்பது தங்களுக்குப் பாதுகாப்பல்ல என்று கண்டு, அதை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அபினாகப் பயன்பட்டது நம்பிக்கையின் ஒரு துண்டு மட்டுமே. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமைமுறையை ஆதரித்த சமயத்தை மிகக் கடுமையாகச் சாடிய 1845ஆம் ஆண்டு சுயசரிதையிலேயே, கிறிஸ்துவின் கிறிஸ்தவத்தைத் தாம் நேசிப்பதாகவும் எழுதினார்.

முன்னர் சொன்ன திருத்தம் இங்கேதான் பயன்படுகிறது. கடவுள் இந்த உலகத்தைக் கைவிடப்போகிறார் என்றால், இதில் உள்ள பசியையும் அநியாயத்தையும் பற்றிக் கவலைப்படக் காரணமில்லை. அவர் இதைச் சீர்ப்படுத்தப்போகிறார் என்றால், இன்று ஒருவருக்குக் கிடைக்கும் நியாயம் அந்த நாளுக்கு முன்னோட்டமாகிறது. குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் வாழ்த்திவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்பதும் இதனால்தான்.

நம்பிக்கையைக் காத்துக்கொள்வது எப்படி

நம்பிக்கை ஒருமுறை வந்தால் அப்படியே தங்கிவிடும் என்று புதிய ஏற்பாடு எங்கும் சொல்வதில்லை. “நம்பிக்கையிலே சந்தோஷமாயிருங்கள், உபத்திரவத்திலே பொறுமையாயிருங்கள், ஜெபத்திலே உறுதியாய்த் தரித்திருங்கள்” என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. ஜெபம் இங்கே முக்கியமான இடத்தைப் பெறுகிறது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்ற வேண்டுதலுக்குப் பிறகுதான் அன்றன்றைய அப்பத்துக்கான வேண்டுதல் வருகிறது. அந்த அப்பமும் ‘எங்களுக்கு’ வேண்டும் என்று கேட்கப்படுகிறது, ‘எனக்கு’ என்று கேட்கப்படுவதில்லை. திருவிருந்தும் அப்படிப்பட்டதே: கர்த்தர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிப்பதாகப் பவுல் அதை விளக்குகிறார். அதே இடத்தில், பசியோடு வந்த ஏழைகளைக் காத்திருக்கவைத்துவிட்டுத் தாங்கள் முந்திச் சாப்பிட்ட கொரிந்தியப் பணக்காரர்களைக் கடிந்துகொள்கிறார்.

நம்பிக்கை வறண்டுபோகும் காலங்களும் வரும். அவற்றுக்கென்றே சங்கீதங்களில் பல புலம்பல்களாக இருக்கின்றன. “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்று 42ஆம் சங்கீதக்காரர் தம்மையே கேட்கிறார், கேட்டும் கலக்கம் தீரவில்லை, அதே சங்கீதத்தில் மறுபடியும் கேட்கிறார், அடுத்த சங்கீதத்தில் மூன்றாம் முறையும் கேட்கிறார். கடவுளிடம் முறையிடுவது அவநம்பிக்கை ஆகாது. அவநம்பிக்கை கொண்டவர் முறையிடுவதையே நிறுத்திவிடுவார். மனச்சோர்வு நோயாக மாறி ஒருவரை அழுத்தும்போது, அவருக்கு மருத்துவ உதவி தேவை. உன் நம்பிக்கை போதாது என்று அவரிடம் சொல்வது அறியாமையோடு கொடுமையும் ஆகும்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்று அழைக்கிறது. ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் நங்கூர உருவத்தைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். அதே நிருபத்தின் 10ஆம் அதிகாரம், நம்பிக்கையை அசைவில்லாமல் உறுதியாய்ப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்தில் அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவிவிடும்படி கவனியுங்கள் என்றும், அதற்கடுத்த வசனத்தில் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்றும் சொல்கிறது. தனியாளாக மனத்துக்குள் வளர்த்துக்கொள்ளும் பண்பாக நம்பிக்கையை அதை எழுதியவர் பார்க்கவில்லை. ஒருவர் நம்ப முடியாமல் இருக்கும் வாரத்தில் பக்கத்தில் இருப்பவர் பாடும் பாட்டும், சொல்லும் விசுவாசப் பிரமாணமும், கொண்டுவந்து தரும் உணவும் அவருக்காகவும் நம்புகின்றன. இன்னொரு வாரத்தில் அவர் அதே வேலையைப் பக்கத்தில் இருப்பவருக்காகச் செய்வார். இதைப் புதிதாகக் கற்கத் தொடங்குகிறவர் பேதுருவின் முதல் நிருபத்தை ஒரே அமர்வில் வாசிக்கலாம், ஐந்தே அதிகாரங்கள்தான். சிதறடிக்கப்பட்டு, அவமதிக்கப்பட்டு வாழ்ந்த மக்களுக்கு எழுதப்பட்ட அந்த நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், உங்களில் இருக்கும் நம்பிக்கையைக் குறித்துக் காரணம் கேட்கிற எவருக்கும் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று வருகிறது. அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து அயலார் தாங்களே வந்து காரணம் கேட்பார்கள் என்று பேதுரு எடுத்துக்கொள்கிறார்.